புளிச்சக்கீரையும் ஊதா விளக்கும்

உலகத்தில் இருக்கிற அத்தனை பேரிடமும் யோசனை கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் மனைவியிடம் மட்டும் கேட்க மறந்துவிடும் ஆண்கள் தனி இனம். அவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் ஆயுட்காலத் தலைவர் பதவிக்கு என்னைத் தவிர வேறு ஆள் நிற்க முடியாது. போட்டியிட நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நான் குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம் எண்ணெய் வயல்களில் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்யும் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். யாராவது ஏணியில் ஏறினால், அவர் விழுவதை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வருடக்கணக்கில் இதையே செய்ததில் புத்தி அப்படியே வளைந்துவிட்டது. மேசை ஓரத்தில் டீ கிளாஸ் இருந்தால்கூட என் காதில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்.

அப்போது என் மனைவி சுகன்யா முழுகாமல் இருந்தாள். ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட் வேலை. காலையில் குடித்த காபி கிளினிக் போவதற்குள் வெளியே வந்துவிடும். சோறு பிடிக்கவில்லை, சப்பாத்தி பிடிக்கவில்லை, என் ஷேவிங் லோஷன் பிடிக்கவில்லை (என்னையே பிடிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம் இருந்தது, கேட்கவில்லை). ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு. கோபிச்செட்டிபாளையத்தில் அவள் வீட்டில் கடைவார்களே, அந்தப் புளிச்சக்கீரை. பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் போட்டு வேகவைத்து மத்தால் கடைந்து, சூடான சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய். அதைச் சொல்லும்போதே அவள் முகத்தில் ரத்தம் ஓடும்.

"கீரைதானே, இதென்ன பிரமாதம்" என்று சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடினேன். விமானத்தில் வந்த கோங்குரா ஒரு கட்டு இருந்தது. வாங்கி வந்து நீட்டினேன். அவள் காம்பைப் பார்த்தாள்.

"இது செவத்த காம்புங்க. ஆந்திராக்காரங்க ஊறுகாய் போடறது. எங்கூட்டுக் கீரை இது இல்லீங்க" என்றாள். அதற்குப் பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் கோபிக்குப் போனது. என் மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வெற்றிலை பாக்குகூடப் போடாத மனிதர். மாரியம்மன் கோயில் கமிட்டியில் பொருளாளர். ஊரில் யாராவது பீடி பற்றவைத்துக்கொண்டு எதிரே வந்தால், அவரைக் கண்டதும் பீடியைக் கையோடு மறைப்பார்கள். அப்பேர்ப்பட்டவர் மொட்டை மாடியில் விளைந்த செடியில் காயை உடைத்து, விதையைப் புடைத்து, வெயிலில் காயவைத்து, லீவு முடிந்து திரும்பிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கையில் பருப்புப்பொடியோடு சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்.

பழைய பெயின்ட் வாளி ஒன்றைத் தொட்டியாக்கினேன். சுகன்யா அடியில் துளை போடச் சொன்னாள். போட்டேன். முதல் நாளே அதன் வழியாகத் தண்ணீர் தரையில் ஒழுகியது. டைல்ஸ் தரை, மேலே ஈரம், வீட்டில் கர்ப்பிணி. என் கண்ணுக்கு அது தொட்டியாகத் தெரியவில்லை, விபத்து அறிக்கையாகத் தெரிந்தது. உடனே சைட்டிலிருந்து சிலிக்கான் ட்யூப் கொண்டுவந்து துளையைக் கச்சிதமாக அடைத்துவிட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சுகன்யாவிடம் சொல்லவும் இல்லை. (நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று ஒரு பெருந்தன்மை.)

விதை முளைத்தது. நாலைந்து நாற்று, உருண்டை இலைகளோடு. ஒரு சாண் உயரம் வந்ததும் நின்றுவிட்டது. அதற்குமேல் வளர்வதாக அதற்கு உத்தேசமே இல்லை.

சுகன்யா தினமும் காலையில் வாளி முன்னால் நிற்பாள். கன்றுக்குட்டியைத் தடவுவது போல ஒரு இலையைத் தடவிவிட்டு டூட்டிக்குக் கிளம்புவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் செடி வைத்தியத்தில் இறங்கினேன்.

முதலில் வெளிச்சம். கோடை வெயிலுக்கு பயந்து எல்லார் வீட்டையும் போல எங்கள் ஜன்னலிலும் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. அதைக் கிழித்தால் அறை அடுப்பாகிவிடும். ஆகவே செடி வளர்ப்பதற்கென்றே விற்கும் விளக்கு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். போட்டதும் அறை முழுக்க ஊதா. தாளின் இடுக்கு வழியாக அந்த ஊதா நாலாவது மாடியிலிருந்து பார்க்கிங் வரைக்கும் வழிந்தது. எங்கள் கட்டிடத்து ஹாரிஸ், அதாவது வாட்ச்மேன், பங்களாதேஷ்காரர். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி, "பாய், டிஸ்கோ?" என்றார்.

அடுத்தது ஏசி. குளிர்காற்று நேரே செடிமேல் அடிக்கிறது என்று வாளியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாற்றினேன். பிறகு தண்ணீர். மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறது என்று ஃபிரிட்ஜில் வைத்து ஆற்றி ஊற்றினேன். பிறகு உரம். பொட்டலத்தில் ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தது. ஏழைச் செடி, நாலு ஸ்பூன் போடுவோம் என்று போட்டேன். இலை நுனியெல்லாம் கருகியது.

எங்களோடு அதே ஃபிளாட்டின் இன்னொரு அறையில் இருந்த ஆன்டனி அண்ணன் குளச்சல்காரர். கருவிகள் பழுதுபார்க்கும் டெக்னீசியன். அவர் மனைவி லீவில் ஊருக்குப் போயிருந்ததால் சமையல், அறிவுரை இரண்டையும் தாராளமாகச் செய்துகொண்டிருந்தார்.

"மக்கா, மீன் கழுவுன தண்ணி ஊத்து. எங்க ஊருல தென்னையே அதுலதான் நிக்குது கேட்டியா."

ஊற்றினேன். செடி வளரவில்லை, பூனைதான் வந்தது.

"வெயில் காட்டுங் மாப்பளை, காத்தாட வெளிய வெய்யுங்" என்று மாமனார் வீடியோ காலில் கெஞ்சினார். பால்கனி இல்லாத வீட்டில் எங்கே காட்டுவது? மாடிக்குக் கொண்டுபோனால் காற்றில் வாளி பறந்து கீழே யார் தலையிலாவது விழுந்தால்? (விழுந்தவரின் பெயர், நாடு, காயத்தின் அளவு வரை கற்பனை செய்துவிட்டேன்.)

ஒரு வெள்ளிக்கிழமை காலை சுகன்யா கத்தினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். சந்தோஷக் கத்தல்.

"ஏனுங், இங்க பாருங்க! எல விரிஞ்சிருச்சு!"

உச்சியில் புதிதாக வந்த இலைகள் உருண்டையாக இல்லை. கை விரல்களைப் போல ஐந்தாகப் பிரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லோடு நின்றன.

"இனி சோர்ந்தாலும் பொழைச்சுக்குங்க. ரெண்டு வாரத்துல ஒரு கை கீரையாச்சும் கெடைக்கும். ஒரு கை போதும் எனக்கு."

அன்று அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். இரண்டும் உள்ளேயே இருந்தன. சாயங்காலம் கிளினிக் டூட்டிக்குப் போகும்போது வாசலில் திரும்பி, "பத்திரமாப் பாத்துக்குங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பத்திரம் என்பது என் தொழிலாயிற்றே. அந்த 'ஒரு கை'யை இரண்டு கையாக்கி அவளை அசத்த வேண்டும் என்று, விரல் இலைகளைக் கிட்டத்தில் படம் எடுத்து, உலகம் முழுக்க உள்ள தோட்டக்காரர்கள் கூடும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் போட்டேன். "அறைக்குள் தொட்டியில் வளர்க்கிறேன். ஊதா விளக்கு. ஒரு சாணுக்கு மேல் வளரவில்லை. இலை நுனி கருகுகிறது. உதவுங்கள்" என்று என் ஆங்கிலத்தில் எழுதினேன்.

அடேயப்பா, என்ன வரவேற்பு! முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் என்னைச் சகோதரா என்றார்கள். "வடிகால் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு சொட்டு ஒழுகாமல் அடைத்த என் சாதனையைச் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"எந்த ரகம்?"

"என் மாமனார் வீட்டு மாடியில் விளைந்தது" என்றேன் பெருமையாக.

"பூ எப்போது வரும்?"

"பூ வரைக்கும் நாங்கள் விடுவதில்லை. இலையிலேயே முடித்துவிடுவோம்."

"காயவைத்தா?"

"சேச்சே. பச்சையாகத்தான். வெங்காயம், மிளகாய் போட்டு, குடும்பத்தோடு, வாரத்தில் இரண்டு நாள். என் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்காகத்தான் வளர்க்கிறேன்."

பிறகு ஒருவர் எழுதினார்: "நண்பரே, உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் குவைத் என்று இருக்கிறது. கஞ்சாச் செடியை முகம், பெயர், ஊரோடு போட்டு விளக்கம் வேறு கொடுக்கிற துணிச்சல் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. உடனே அழித்துவிடுங்கள்."

முதலில் சிரித்தேன். பிறகு கூகுளில் கஞ்சா இலை என்று போட்டுப் பார்த்தேன். ஐந்து விரல். ரம்பப் பல். வாளியைப் பார்த்தேன். ஐந்து விரல். ரம்பப் பல். மேலே ஊதா விளக்கு, ஜன்னலில் வெள்ளித் தாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கொங்கு நாட்டுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து புளிச்சக்கீரை தின்றவன். ஆனால் கீரைக்கட்டு வீட்டுக்கு வரும்போது நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், கடைசலாகத் தட்டுக்கு வரும்போதுதான் வீட்டில் இருப்பேன். அதன் இலை எப்படி இருக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை கீரை என்பது பச்சையாக, கொழகொழவென்று, கரண்டியில் இருக்கும் ஒரு பொருள்.

ஆன்டனி அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தவர் செல்போன் படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எடே, இது அதுதாம்டே. இங்க இதுக்கு ஜெயிலு மட்டும் இல்ல, எல்லாம் உண்டு. நான் இந்தப் பக்கமே வரல்ல, நீயும் என்னைக் கூப்பிடல்ல, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டார். (இத்தனைக்கும் அவர் தினம் மீன் தண்ணீர் கொடுத்த கூட்டாளி.)

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சுகன்யாவுக்கு ஒரு போன். "ஏம்மா, புளிச்சக்கீரை இலை எப்படி இருக்கும்?" ஒரு நிமிஷ வேலை. ஆனால் என் புத்தி சேஃப்டி புத்தி. கர்ப்பிணிக்குப் பிரஷர் ஏறும், சொல்லக் கூடாது என்றது. யாருக்குப் பிரஷர் ஏறினால் பரவாயில்லை என்று தேடி, மாமனாருக்குப் போன் போட்டேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. நீங்க அனுப்புனது என்ன வெதைங்க?"

"கீரை வெதைங் மாப்பளை. ஏனுங்?"

"யாராச்சும் உங்கள ஏமாத்திக் குடுத்துட்டாங்களா? இல்ல, தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா? மாமா, இது கஞ்சாவுங்க! உங்க புள்ள இங்க ஜெயிலுக்குப் போகோணுமா?"

பின்னால் ஏதோ நாதஸ்வரம் கேட்டது, பிறகு நின்றது. யாரோ ஒரு பெண்மணி, "கஞ்சாவா? ஆருங்க, நம்ம அண்ணனா?" என்று கேட்டது தெளிவாக விழுந்தது. போன் துண்டிக்கப்பட்டது.

பிறகு தெரிந்தது. மாமனாருக்குக் காது மந்தம், எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அப்போது சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குவைத்தில் இருந்து மாப்பிள்ளை பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, பெருமையாகப் போனை உயர்த்திப் பிடித்திருக்கிறார்.

அது தெரியாத நான், போனை வைத்ததையே குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். இனி தடயத்தை அழிக்க வேண்டியதுதான் பாக்கி. கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டேன். குப்பைத் தொட்டியில் போட்டால் ஹாரிஸ் பார்ப்பார். கடலில் போட்டால் ரோந்துக்காரர் பார்ப்பார். மிஞ்சியது கழிப்பறை. சமையலறை மேடையில் செடிகளை வைத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன். மண்ணிலும் தடயம் இருக்குமே என்று வாளி மண்ணையும் அள்ளி அள்ளிப் போட்டேன்.

மண்ணை அள்ளும்போதுதான் அந்த நாற்றம் வந்தது. வாளிக்குள் பாதிக்குக் கீழே எல்லாம் சேறு. வேர்கள் கறுத்து, தொட்டால் நூலாக நழுவின. நான் ஊற்றிய தண்ணீர், மீன் தண்ணீர், உரத் தண்ணீர் அத்தனையும் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி, செடியைக் கழுத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தன. ஊதா விளக்கு, ஏசி, வெயில் எதுவும் காரணமில்லை. என் சிலிக்கான்தான் காரணம். மூச்சுவிட முடியாத இடத்தில் நின்றுகொண்டும் அது ஐந்து விரல் விரித்துக் காட்டியிருக்கிறது. அதைத்தான் நான் நறுக்கி முடித்திருந்தேன்.

கழிப்பறை அடைத்துக்கொண்டது. தண்ணீர் மேலே வந்தது. கீழ்வீட்டுக்காரர் கத்த, ஹாரிஸ் ஓடி வந்தார்.

"பாய், நீச்சே பானி! க்யா டாலா?" கீழே தண்ணீர் கொட்டுகிறது, உள்ளே என்னத்தைப் போட்டாய் என்கிறார்.

எட்டிப் பார்த்தவர், "மிட்டி? டாய்லெட் மே மிட்டி?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். கழிப்பறையில் மண்ணைக் கொட்டும் மனிதனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

சரியாக அந்த நேரத்தில் சுகன்யா உள்ளே வந்தாள். முகக்கவசமும் கையுறையுமாக முழங்கால் நனைந்து நிற்கும் என்னைப் பார்த்தாள். காலி வாளியைப் பார்த்தாள். நான் காதோரம் குனிந்து, "எல்லாத்தையும் அழிச்சுட்டேன், கவலைப்படாத. உங்கப்பா அனுப்புனது கஞ்சா" என்றேன்.

அவள் சமையலறை மேடைக்குப் போனாள். நறுக்கும்போது சுவரோரம் விழுந்த ஒரே ஒரு இலை அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கழுவினாள். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று பாய்வதற்குள் வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றாள். மாசக்கணக்கில் அவள் முகத்தில் நான் காணாத ஒரு நிம்மதி வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

"புளிச்சக்கீரைங்க" என்றாள். "இப்புடித்தான் புளிக்கும்."

அதற்குள் அவள் போன் அடித்தது. அவள் அம்மா. நிச்சயதார்த்தத்திலிருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டாராம் மாமனார். சட்டையைக்கூடக் கழற்றாமல் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாராம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு சுகன்யா என்னைப் பார்த்தாள்.

"ஊருல உலகத்துல எல்லாரையும் கேட்டீங்க. என்னய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

தோன்றவில்லை.

மறுபடி விதை கேட்க எனக்கு முகம் இல்லை. முதல் பிரசவம் என்பதால் வளைகாப்புக்கு அவளை ஊருக்கு அழைத்துப் போனேன். மாமனார் விமான நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "மாப்பளையை வரச் சொல்லும்மா" என்றார். பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் ஒரு சட்டி நிறைய புளிச்சக்கீரை கடைந்து வைத்திருந்தார்கள். சுகன்யா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்று பார்த்தாள். தட்டை நகர்த்திவிட்டாள். ஆசை போய்விட்டது, இப்போது அந்த வாசனையே குமட்டுகிறது என்றாள். மாமனார் அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார். அந்த முதுகை நான் மறக்க மாட்டேன். காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை, டைல்ஸில் கறை இருக்கிறது என்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அவர் மனசு இறங்கிவிட்டது. அதை எப்படிக் காட்டுவார் என்றால், நான் லீவில் போகும்போதெல்லாம் பந்தியில் கீரையைத் தன் கையால் பரிமாறி, எல்லார் காதிலும் விழும்படி, "பயப்படாமத் தின்னுங் மாப்பளை, நான் மொதல்ல தின்னு பாத்துட்டனுங்" என்பார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் என்னை அறிமுகப்படுத்துவதற்கு என் பெயரே தேவைப்படுவதில்லை.

ஆனால் உண்மையான தண்டனை வேறு. முழுகாமல் இருப்பவள் ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என் மகள் இனியாவின் காதுகளுக்கு இருக்கிறது. இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். குளிர்காலம் வந்தால் போதும், ஒரு காது அடைத்துக்கொள்ளும். அவள் காதைப் பிடித்துக்கொண்டு அழும்போது வீட்டில் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆன்டனி அண்ணன் உட்பட.

சென்ற மாதம் எங்கள் பக்கத்தில் இருக்கும் வேறொரு கிளினிக்கில் புதிதாக வந்திருந்த காது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஃபேமிலி ஹிஸ்டரி ஏதாவது உண்டா?" என்று என்னிடம் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்ட ஆரம்பித்தேன்.

இனியா முந்திக்கொண்டாள். "யெஸ் டாக்டர். மை டாட்."

டாக்டருக்குப் புரியவில்லை. சுகன்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். இந்த முறை நினைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கிட்டே போய், சிரிப்பா அழுகையா என்று அவளையே கேட்டேன்.